0786-க்குக் கொடுத்த பணம்: வாகன எண் ஏலமும் ‘சேவை’ என்ற வாசிப்பும்

விழிதியூர்க் கடைத்தெருவில் பிஒய் 02 வண்டியும் டிஎன் 51 வண்டியும் கலந்தே ஓடும். முன்னது காரைக்கால், பின்னது நாகப்பட்டினம். எழுத்து எந்த அரசுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்கள் யாருடையவை, அவற்றை விற்ற பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கு 2020 ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது என்பார்கள். மத்தியப் பிரதேச அரசு எதிர் ராகேஷ் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்போது தீர்ப்பளித்தது. பிடித்த எண்ணை முன்கூட்டி ஒதுக்கித் தரக் கட்டணம் விதித்த மாநில விதி 55-ஏ செல்லாது என்று அதற்கு முன் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எண் விஷயம் மத்திய அரசின் கையில் என்பது அதன் காரணம். நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், எஸ். ரவீந்திர பட் அமர்வு அதைத் திருப்பியது. எண்ணை ஒதுக்குவதும் ஒருவருக்கென எடுத்து வைப்பதும் தனியொரு சேவை, அதற்குக் கட்டணம் வாங்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 65, 211ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன என்பது தீர்ப்பின் சாரம். முடிவு எனக்கு உடன்பாடு. சொன்ன காரணம் உடன்பாடில்லை.

முதலில் பாடபேதம். பழைய 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆறாம் அட்டவணை மாநிலத்துக்குத் தந்த எழுத்துகளையடுத்து நான்கு இலக்கத்துக்கு மிகாத ஓர் எண் வரும் என்கிறது. எண்ணைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை. 1988 சட்டத்தின் 41(6), எழுத்து, இலக்கம் இரண்டையும் மத்திய அரசு அறிவிக்கையால் மாநிலத்துக்குப் பங்கிடும் என்கிறது. உயர் நீதிமன்றத்தின் வாசிப்புக்கு வலுச் சேர்ப்பது இந்த மாற்றம். ஆனால் இரண்டு பாடத்திலும் மாறாத ஒன்று உண்டு: வண்டிக்கு எண்ணை ஒதுக்குபவர் பதிவு அலுவலர். பங்கு பிரித்துக் கொடுப்பவர் வேறு, பந்தியில் பரிமாறுபவர் வேறு. 1939 சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் நினைத்தார்களா என்றால், நினைத்திருக்க மாட்டார்கள். நான்கு இலக்கத்துக்கு விலை வரும் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றியிராது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்தச் சட்டமே பிந்தித்தான் வந்தது.

விலை எப்படி வந்தது? நாகூர் தர்கா பக்கத்தில் இருக்கிறது. 786-ஐ முஸ்லிம்கள் பலர் புனித எண்ணாகக் கருதுவதால் 0786-க்கு இங்கே எப்போதும் ஆளுண்டு. கூட்டுத்தொகை 9 வந்தால் நல்லது என்பவரும் உண்டு. 8 சனியின் எண் என்று, சனீஸ்வரன் குடியிருக்கும் திருநள்ளாற்றை வைத்துக்கொண்டே 8 வேண்டாம் என்பவர்களையும் பார்க்கலாம். இப்போது 0785-ஐப் பதிய எழுத்தர் செய்யும் வேலை எவ்வளவோ, 0786-க்கும் அவ்வளவே. சண்டிகரில் 2022இல் ஏறத்தாழ 71,000 ரூபாய் ஸ்கூட்டருக்காக 0001 எண்ணை ஒருவர் 15.44 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார். அந்தத் தொகையில் ‘சேவை’ எத்தனை ரூபாய்?

தீர்ப்பை அளக்க அதே நீதிமன்றத்தின் பழைய கோல் ஒன்று இருக்கிறது. 1954இல் சிரூர் மடம் வழக்கில், சென்னை இந்து அறநிலையச் சட்டத்தின் 76ஆம் பிரிவு மடங்களிடம் வாங்கிய தொகை கட்டணமல்ல, வரி என்று முடிவானது. வாங்கியதற்கும் செய்ததற்கும் தொடர்பில்லை, பணம் தொகுப்பு நிதியில் கலந்துவிடுகிறது என்பவை காரணங்கள். பிற்காலத் தீர்ப்புகள் இந்தக் கறாரைத் தளர்த்தின என்பதை மறைக்கவில்லை. தளர்ந்த கோலால் அளந்தாலும், போட்டியில் ஏறிய தொகையைச் சேவைக் கட்டணம் என்பது இழுத்துக் கட்டிய பெயர்தான். அது ஆசைக்கு மனமுவந்து கொடுத்த பணம்.

பெயரைப் பற்றி இவ்வளவு வாதம் ஏன்? பெயரைப் பொறுத்தே பணம் போகும் வழி. நம்பர் பிளேட்டால் அறப்பணிக்கு நிதி திரட்டுவதை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பது வழக்கம். சாலஞ்சர் விண்கல விபத்துக்குப் பின் ஃபுளோரிடா 1987இல் விற்ற நினைவுப் பலகையைக் காட்டுவார்கள். பலகையின் வடிவமைப்பை மட்டும் கணக்கில் கொண்டால் அது சரியாக இருக்கலாம். எண்ணைக் கணக்கில் கொண்டால் ஹாங்காங் முந்தியது. அங்கே 1973 முதல் சிறப்பு எண்களின் ஏல வருவாய் லாட்டரி நிதிக்குப் போய், அதிலிருந்து தொண்டு நிறுவனங்களின் நலப்பணிக்கு மானியமாகிறது. 2006இல் அறிமுகமான, உரிமையாளரே எழுத்தைத் தேர்ந்துகொள்ளும் பலகையின் வருவாயோ பொது வருவாயில் சேர்கிறது. ஒரே துறை, இரண்டு உண்டியல்! அபுதாபியில் 2008இல் ‘1’ என்ற எண் 5.22 கோடி திர்ஹாமுக்குப் போனது. ஏலப் பணம் சாலை விபத்தில் அடிபட்டோரின் மறுவாழ்வு மையத்துக்கு என்று அறிவித்தே விற்றார்கள்.

இங்கே அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 திருத்தம் சேர்த்த 164-பி பிரிவு மோட்டார் வாகன விபத்து நிதியை உருவாக்குகிறது; மத்திய அரசு விதிக்கும் வேறு வருமானமும் அதில் சேரலாம் என்கிறது. ஏல எண் அந்த ‘வேறு வருமானம்’ ஆகலாம் என்பது என் வாசிப்பு மட்டுமே. புதுச்சேரி அரசும் தன் கையில் உள்ளதைச் செய்யலாம்: ஏலத் தொகைக்கு ஈடான பணத்தை விபத்து நிவாரணத்துக்கென வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கலாம்; அந்தத் திட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதியும் சட்டமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.

அதுவரை, 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, பிஒய் 02 எண்ணுக்கு யார் எவ்வளவு கொடுத்தாலும் அது புதுச்சேரியின் தொகுப்பு நிதிக்கே போகும்.