அம்பாசடருக்கு வந்த நற்பெயர்

பழைய கார்ப் பிரியர்கள் கூடினால் அம்பாசடரைப் பற்றி ஒரு தீர்ப்பு தவறாமல் வரும்: அந்தக் காலத்து இரும்பு, எவ்வளவு ஓட்டினாலும் தாங்கும். இது பாதிதான் உண்மை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐம்பதுகளின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி இது. அடிக்கடி படுத்தது, ஆனால் படுத்த இடத்திலேயே எழுந்தது. நடுவழியில் நின்றால் டிரைவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கருகிய பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைக் கண்ணளவில் வைத்து முடுக்குவார். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்திருந்தால் வாயால் ஊதுவார். கோடையில் பெட்ரோல் பம்பு சூடேறி மக்கர் செய்தால் அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். வடிவமைப்பு பல ஆண்டுகள் பெரிதாக மாறாததால் பழைய வண்டியின் பல பாகங்கள் புதியதற்கும் பொருந்தின. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வண்டிக்குச் சேர்ந்த புகழில் பெரும்பங்கு உண்மையில் இந்த மெக்கானிக்குகள் சம்பாதித்துக் கொடுத்தது.

சரிசெய்ய எளிதாக இருப்பதும் நம்பகம்தானே என்று கேட்கலாம். அன்றைய சாலைக்கும், ஊருக்கு ஊர் தூரத்துக்கும் அது பெரிய தகுதி, மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதை எடைபோட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் பொருந்தவில்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உற்பத்திக்கு லைசென்ஸ். சாதாரணக் குடும்பத்துக்கு இருந்தவை அம்பாசடர், பம்பாயின் ஃபியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), மதராஸின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் ஆள் நிற்கும்போது கம்பெனிக்கு விளம்பரமும் வேண்டாம், கதவு சரியாகப் பொருந்தாததைப் பற்றிய கவலையும் வேண்டாம். கிடைத்ததே பெரிது என்றிருந்தவர், அந்தக் கதவை டிங்கரிங் பட்டறையில் தட்டி நேராக்கிக்கொண்டார்.

வாய்ப்பு இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்குச் சோதனை 1983 டிசம்பரில் வந்தது. குர்கானில் வெளியான மாருதி 800 ஜப்பானிய சுசுகியின் வடிவமைப்பு; 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். எடை அம்பாசடரில் ஏறக்குறைய பாதி. தகர டப்பா என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் கேலியில் நியாயமும் இல்லாமல் இல்லை: 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது, அதன் வாரிசான ஆல்ட்டோ 800 பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஆனால் தகரம் கனமாக இருந்துவிட்டால் மட்டும் உயிர் பிழைத்துவிட முடியாது. முன்பக்கம் நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளாவிட்டால் அது உள்ளே இருப்பவரிடம்தான் வந்து சேரும். எண்பதுகளில் வாங்கியவர் பார்த்தது வேறொன்றை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்புகிறதா, டிரைவர் வைக்காமல் தானே ஓட்ட முடிகிறதா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது. பழுதுபார்க்கச் சுலபமான வண்டியைவிடப் பழுதே அதிகம் வராத வண்டி மேல் என்று, வாய்ப்பு கிடைத்ததும் அவர் முடிவுசெய்தார்.

மாருதி விலை குறைவு, அரசின் ஆதரவு பெற்றது, அதனால்தான் வென்றது என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் அழகான உடலுக்குள், ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் என்ஜினை வைத்து மதராஸில் தயாரித்தார்கள். உள்ளூர் மெக்கானிக்குக்குப் புரியாத சூட்சுமம் எதுவும் அந்த என்ஜினில் இல்லை. பழைய கணக்குப்படி அது ஓடியிருக்க வேண்டும். தோற்றம் காட்டிய ஆசையை ஓட்டமும் பெட்ரோல் செலவும் கெடுத்தன. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. விலை உயர்ந்த வண்டி வாங்குகிறவருக்கும் பெயர்ப்பலகையும் பளபளப்பும் போதவில்லை.

அம்பாசடர் அதன்பின்னும் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே என்றால், எங்கே என்று பார்க்க வேண்டும்: அரசு அலுவலகங்களிலும் டாக்சி நிறுத்தங்களிலும்தான் பெரும்பாலும். அதிகாரி பணிமனைச் செலவைத் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. டாக்சிக்காரருக்கோ அகலமான பின்சீட்டும் டிக்கியும் வருமானம். 2013-இல் பிபிசியின் டாப் கியர் அதை உலகின் சிறந்த டாக்சி என்று பாராட்டியது. மறு ஆண்டு மே மாதம் உத்தரபாரா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மாருதி 800-இன் உற்பத்தி அதே ஆண்டு ஜனவரியிலேயே முடிந்திருந்தது.