தங்கவயலின் கோல்ப் மைதானம்

இவ்வாண்டு விழாவையொட்டி, நம் காலனிக் குடும்பங்கள் யாவும் ஒரு நாள் தங்கவயலின் பழைய கோல்ப் மைதானத்தைக் கண்டு வரவேண்டுமென விழைகின்றோம். ஓரிடத்தைக் காணுமுன் அதன் வரலாற்றை அறிதல் நலம். அறியாது காண்பார்க்கு அது வெறும் மேடு பள்ளமாகவே தோன்றும்.

கோல்ப் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டம். மக்கள் விற்பயிற்சியை மறந்து இதில் மூழ்குகின்றனர் என்று, 1457-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. கடலுக்கும் கழனிக்கும் இடையே, உழவுக்கு உதவாது கிடந்த மணல் நிலமே இதன் முதற்களம். அந்நிலத்திற்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். நம் முன்னோர் வகுத்த நெய்தல் நிலத்தை அது நினைவூட்டும். மரங்கள் அரிது, மணல் மேடும், குட்டைப் புல்லும், ஓயாத காற்றும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பழைய மைதானம் இவ்வகைக்கு இலக்கணமாகும். 18 குழிகள் என்னும் கணக்கு 1764-இல் அங்கேதான் பிறந்தது.

ஆங்கிலேயர் சென்றவிடமெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. 1829-இல் கல்கத்தாவிலும், 1876-இல் பெங்களூரிலும் கோல்ப் சங்கங்கள் தோன்றின. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் கால் வைத்தனர். அவர்களோடு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத்தாரும் வந்தனர். பங்களாவும் கிளப்பும் எழுந்தன. கோல்ப் மைதானமும் அமைந்தது. கடலுக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், மழை குறைந்த இம்மேட்டு நிலத்தில், அவர்கள் தம் தாய்நாட்டை நினைந்து அமைத்த களம் அது.

அக்காலத்தில் நம்மவர் நிலை யாது? வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் பிழைப்பு நாடி வந்த நம் பாட்டன்மார் மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தனர். வெள்ளையர் கிளப்பில் அவர்களுக்கு இடமில்லை. மேலே பந்து உருண்டது. கீழே நம்மவர் பாறையைக் குடைந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் பிற்காலத்தில் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அவ்வுழைப்பின் ஊதியத்தில் விளைந்ததே மேலிருந்த வாழ்வனைத்தும்.

லிங்க்ஸ் நிலத்தின் மணற்குன்றுகளைக் காற்றும் கடலும் படைத்தன. நம்மூரில் நிற்கும் சயனைடு மேடுகளையோ நம் தந்தையர் படைத்தனர். பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய பாறைத் தூளே அம்மேடுகள். மைதானத்தைக் காணச் செல்வோர் அவற்றையும் நோக்கி நின்று, இவ்வுண்மையைச் சிறுவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

செல்வோர் பொறுப்பிலுள்ளோரிடம் முன்னரே அனுமதி பெறுக. வெயில் ஏறுமுன், காலையிலேயே புறப்படுக. குடிநீர் கொண்டு செல்க. சயனைடு மேடுகளில் பிள்ளைகளை ஏறவிடாதீர். காற்றில் எழும் தூள் உடலுக்குக் கேடு. சுரங்கத்தில் உழைத்த முதியவர் ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்க. அவர் சொல்லும் செய்தி எந்த நூலிலும் கிடைப்பதன்று.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஓர் அரிய வழக்கம் உண்டு. பெரும்போட்டிக் காலம் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் குடும்பத்தோடு அப்புல்வெளியில் உலாவுவர். உலகப் புகழ் பெற்ற அம்மைதானம் அன்று ஊர்ப் பொதுவாகிறது. நம் சுரங்கங்கள் 1956-இல் அரசுடைமையாகி, 2001-இல் மூடப்பட்டன. கம்பெனிகள் போயின, உழைத்தவர் வழியினராகிய நாம் எஞ்சியுள்ளோம். நம் பாட்டன்மார் வேலிக்கு வெளியே நின்று நோக்கிய நிலத்தில், அவர்தம் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடப்பார்களாக!