ஒளிப்படக்கலை நூல்களும் அவற்றின் விலையும் உரிமையும்

ஒரு கலையைக் கற்பிக்கும் நூலை வாங்குதல் வேறு. அந்நூலை ஆளும் உரிமையைப் பெறுதல் வேறு. இவ்விரண்டும் ஒருங்கே கைகூடாதவிடத்துக் கற்பவன் இடர்ப்படுவான். எண்ணிம ஒளிப்படக்கலையைக் கற்பிக்கும் இலத்திரனியல் நூல்கள் விற்பனைக்கு வந்துள்ள இக்காலத்திற் பலர் எழுப்பும் வினா, அக்கலை பிறந்த நாளிலேயே எழுந்த வினாவாகும் என்பதை வரலாறு காட்டுகின்றது.

டகேர் என்பார் கண்ட ஒளிப்பட முறையை, 1839 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 19 ஆந் திகதி அராகோ என்னும் அறிஞர் பாரிஸ் நகரில் வெளிப்படுத்தினார். பிரான்சிய அரசு டகேருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், அவருடன் உழைத்து மறைந்த நியெப்ஸின் மைந்தருக்கு 4,000 பிராங்கும் உபகாரச் சம்பளமாக வழங்கி, அம்முறையை உலகிற்குப் பொதுவாக்கிற்று. செய்முறையை விளக்கி டகேர் எழுதிய கைந்நூல் விரைவிற் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. ஆயினும் அதற்கு ஐந்து நாள் முன்னரே இங்கிலாந்தில் அம்முறைக்கு ஆக்கவுரிமை பெறப்பட்டுவிட்டது. அதன் பயன் விந்தையானது. இலண்டன் மாநகரில் அக்கைந்நூலை எவரும் விலைகொடுத்து வாங்கலாம். ஆனால் நூல் கூறியவாறு தொழில் நடத்துதற்கு உரிமையாளரிடம் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். நூலின் விலை சிறிது. அனுமதியின் விலையோ பெரிது.

டால்பொட் என்னும் ஆங்கில அறிஞரும் தாம் கண்ட முறைக்கு 1841 இல் ஆக்கவுரிமை பெற்றார். ஸ்கொத்லாந்தில் அவ்வுரிமை செல்லாமையால், எடின்பரோவில் ஹில், அடம்சன் என்னும் இருவர் 1843 முதல் தடையின்றி அம்முறையைக் கையாண்டு அரிய ஒளிப்படங்களை ஆக்கினர். 1851 இல் ஆர்ச்சர் என்பார் கொலோடியன் முறையை ஆக்கவுரிமை எதுவும் வேண்டாது ஏட்டில் வெளியிட்டார். அதுவும் தம் உரிமைக்குட்பட்டதே என டால்பொட் தொடுத்த வழக்கு 1854 இல் தோல்வியுற்றது. அதன்பின் இக்கலை எங்கும் பரவிற்று. 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய யூலியா மார்கரெற் கமரன் அம்மையார் கையாண்டதும் ஆர்ச்சரின் முறையே. ஆனால் உலகிற்கு வாரி வழங்கிய ஆர்ச்சர் 1857 இல் வறுமையில் இறந்தார். அறிவு பரவுதல் நன்று. அறிவைத் தந்தவர் பட்டினி கிடத்தல் நன்றன்று. உரிமை பற்றிய ஆராய்ச்சியில் இவ்விரண்டினையும் ஒருசேர நினைத்தல் வேண்டும்.

இனி, நூலின் விலைக்கும் அனுமதிக்கும் உள்ள தொடர்பினை நோக்குவோம். 1904 இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலொன்றில், அதனை ஒரு டொலருக்குக் குறைவாக விற்க எவருக்கும் அனுமதியில்லை என்று அச்சிட்டது. கடைக்காரர் அதனை 89 சதத்துக்கு விற்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்ற நூலின் பிந்திய விலையைப் பதிப்புரிமை கொண்டு கட்டுப்படுத்தலாகாது என 1908 இல் தீர்ப்பாயிற்று. பழைய நூற் கடையும், நண்பருக்கு நூலை இரவல் கொடுக்கும் வழக்கமும் நிலைபெறுவதற்கு இத்தகைய கொள்கையே அரணாகும்.

இலத்திரனியல் நூலில் அவ்வரண் தளர்கின்றது. ‘வாங்குக’ என்னும் சொல்லை நம்பிப் பணம் செலுத்துவோர் பெரும்பாலும் பெறுவது நூலையன்று. அதனைப் படிக்கும் அனுமதியை மட்டுமே. அதனை மறுபடி விற்றலும், தம்பி தங்கையர்க்கு உரிமையாக்கலும் பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டுள்ளன. 2009 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம், ஓர்வெல் எழுதிய இரு நாவல்களின் உரிமையற்ற பதிப்புகளை வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கிற்று. பணம் மீள அளிக்கப்பட்டதெனினும், வாசகரின் அலமாரிக்குள் விற்பனையாளர் கைநீட்ட முடியும் என்பதை உலகம் கண்டது. படந் திருத்தும் மென்பொருளும் இவ்வாறே மாறிற்று. அடோபி நிறுவனம் தன் புதிய பதிப்புகளை மாதச் சந்தாவுக்கே தருவதாக 2013 இல் அறிவித்தது. ஆகவே அம்மென்பொருளைக் கற்பிக்கும் நூலை வாங்குவோன், நூலின் விலையோடு சந்தாவையும் கணக்கிடல் வேண்டும்.

கிளிநொச்சி போன்ற இடத்தில் இக்கணக்குக் கடுமையானது. 2022 இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 350 ரூபாவுக்கு மேல் உயர்ந்தது. 4,000 ரூபாவாக இருந்த 20 டொலர் நூல், ஆசிரியர் ஓர் எழுத்தையும் மாற்றாதிருக்க, 7,000 ரூபாவைத் தாண்டிற்று. 2009 இல் முடிவுற்ற போரின்போது இடம்பெயர்ந்த வன்னி மக்களிற் பலர் நூல்களோடு குடும்ப ஒளிப்படங்களையும் இழந்தனர். எஞ்சிய படங்களைப் படியெடுத்துக் காக்கவும், தம் ஊரையும் தொழிலையும் படமாக்கவும் விழையும் இளைஞர்க்கு இக்கலை ஓர் ஆடம்பரமன்று. ஒரு நூலைப் பத்துப்பேர் மாறிமாறிப் படித்தலே இங்கு இயல்பு. அனுமதியோ ஒருவர்க்கே தரப்படுகின்றது.

இதற்கு வழி யாது? இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றிற்கான நியாயமான பயன்பாட்டினை அனுமதிக்கின்றது. ஆயினும் பயன்பாட்டின் நோக்கம், எடுத்த அளவு, நூலின் சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகியன நோக்கப்படும். எனவே முழுநூலையும் படியெடுத்து வழங்குதற்கு அது போர்வையாகாது. இரவல் கொடுக்கத்தக்க அச்சு நூலை நூலகம் வாங்குதல் ஒரு வழி. கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளையும், படியெடுக்கவும் பெயர்க்கவும் அனுமதியுடன் வெளிவந்துள்ள அதன் கைந்நூலையும் பயன்படுத்துதல் மற்றொன்று. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்துத் தமிழ் எண்ணிம நூலகம், நூல்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்து வருகின்றது. அதுபோல் ஒளிப்படக்கலை நூல்களையும் தமிழில் ஆக்கிப் பொதுவில் வைத்தல் ஆற்றலுடையார் கடனாம்.

1839 இல் பிரான்சிய அரசு ஆக்கியோர்க்கு ஊதியமளித்துக் கலையைப் பொதுவாக்கிற்று. 1949 இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றமையால் அவை பின்னர் மக்கள் சொத்தாயின. ஆக்கியோரும் வாழவேண்டும், கற்போரும் வாழவேண்டும் என்னும் நெறி இவ்விரு செயல்களிலும் விளங்குகின்றது. அந்நெறி எங்கும் நிலைபெறும் வரை, நூல் வாங்கும் மாணாக்கன் விலையை மட்டும் வினவுதல் போதாது. அவ்விலைக்குத் தான் பெறுவது நூலையோ, அனுமதியையோ என்பதனையும் வினவி அறிந்தே வாங்குதல் வேண்டும்.