லோஹேகாவில் இருந்து போன கேன்பரா

புனேயின் வானவடிக்கு வருகிறவர்களை ஷிண்டே சத்ரிக்குக் கூட்டிப் போவார்கள், ராணுவ மருத்துவக் கல்லூரியைக் காட்டுவார்கள். நகரின் வடக்கே லோஹேகாவ் விமானத்தளத்திலிருந்து போருக்குப் போன கேன்பராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பிரிட்டனின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டெடி பெட்டர் வடிவமைத்த இந்த ஜெட் குண்டுவீச்சு விமானம் 1949 மே 13 அன்று முதலில் பறந்தது. இரண்டாம் உலகப்போரில் மரத்தாலான மாஸ்கிட்டோ செய்த வேலையை இது ஜெட் காலத்தில் செய்ய வேண்டும். தற்காப்புத் துப்பாக்கி கிடையாது. உயரமும் வேகமும்தான் கவசம். தரையிலிருந்து பாயும் ஏவுகணைகள் வந்ததும் அந்தக் கணக்கு பொய்த்தது. கேன்பரா தாழப் பறக்கப் பழகியது. 1957இல் இந்தியா வாங்க முடிவுசெய்த பி(ஐ)58 அதற்கென்றே செய்த ரகம். விமானி இடப்பக்கம் ஒதுங்கிய கண்ணாடிக் கூண்டில், நேவிகேட்டர் மூக்குக்குள். ஆபத்தில் ஆளை வெளியே எறியும் இருக்கை விமானிக்கு மட்டும்தான். நேவிகேட்டர் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். இதற்கு எப்படித்தான் ஒப்புக்கொண்டார்களோ!

1961 டிசம்பரில் ஒரு கேன்பரா அணி ஐ.நா. படைக்காகக் காங்கோவில் இருந்தது. அதே மாதம் 18ஆம் தேதி, விங் கமாண்டர் என்.பி. மேனன் தலைமையில் லோஹேகாவிலிருந்து போன 12 கேன்பராக்கள், போர்த்துகீசியர் ஆண்ட கோவாவின் டபோலிம் ஓடுபாதைமேல் சில நிமிடங்களில் 63,000 பவுண்டு குண்டுகளைக் கொட்டின. பின்னாலேயே இன்னும் எட்டு வந்தன. ஓடுபாதையை உடைக்கலாம், கட்டடங்களைத் தொடக்கூடாது என்பது உத்தரவு, அப்படியே நடந்தது. ஆனால் போர்த்துகீசியர் அன்றிரவே ஓடுபாதையில் ஒரு பகுதியை அவசரமாகச் செப்பனிட்டு, அங்கே நின்ற இரண்டு விமானங்களில் அதிகாரிகளின் குடும்பங்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அத்தனை குண்டும் ஒரு பகல்தான் தாங்கியது. குண்டுவீச்சின் வல்லமையைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் இந்த இரவைச் சொல்வதில்லை.

1965 போரில் பாகிஸ்தானின் பெஷாவர், பதீன் ரேடார் நிலையம், 1971இலும் போர். அதன்பிறகு ஜாகுவார் போன்றவை வந்து குண்டுவீசும் வேலையை எடுத்துக்கொள்ள, கேன்பராவுக்குக் கேமரா மிஞ்சியது. 2007 மே 11 அன்று ஆக்ராவில் ஓய்வு பெறும்வரை படம் எடுத்தது. அந்த வேலையும் லேசில்லை. 1999 மே 21, கார்கில் மலைகளின்மேல் ஸ்குவாட்ரன் லீடர் ஏ. பெருமாள் ஓட்டிய கேன்பராவின் எஞ்சினில் தோளிலிருந்து ஏவும் ஏவுகணை பாய்ந்தது. மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினோடு அதை ஸ்ரீநகரில் இறக்கினார்.