கோலத்துக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த ராணி சிரோமணி?

மார்கழி வந்தாலே சேலம், நாமக்கல் பக்கம் வாசலெல்லாம் புள்ளிக் கோலம்தான். சின்னக் கோலம் போடத் தெரிந்தவர், புள்ளிகளைக் கூட்டி அதையே பெரிதாக்கிவிடுவார். காரணம், அவர் மனசில் வைத்திருப்பது படத்தை அல்ல, விதியை. அந்த விதியைக் கணினி அறிவியல் மொழியில் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் ராணி சிரோமணி.

யார் இவர்?

1929-ல் பிறந்தவர். தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1970-ல் முனைவர் பட்டம் பெற்றபோது வயது 40 ஆகியிருந்தது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

சில விதிகளை வைத்தே எண்ணற்ற வாக்கியங்களை உருவாக்கலாம். கணினி மொழிகளுக்கான இலக்கணம் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால், இந்த விதிகள் எழுத்துகளை ஒரே வரிசையில்தான் அடுக்கும். படத்துக்கு நீளம், அகலம் ரெண்டும் வேணுமே? முதலில் ஒரு வரிசையை உருவாக்கு. பிறகு அதன் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளர்த்துக்கொண்டு போ. இதுதான் இவரும் சக ஆய்வாளர்களும் சொன்ன வழி. இன்று அது 'சிரோமணி மேட்ரிக்ஸ் இலக்கணம்' எனப்படுகிறது.

கோலம் எப்படி வந்தது?

கணவர் கிஃப்ட் சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்க முடியும் என்று 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வாசல்படிக் கலை அப்படித்தான் சர்வதேச ஆய்விதழுக்குப் போனது.

அதன் பிறகு?

ரகசியக் குறியீட்டியல், டிஎன்ஏ கணிப்பு என ஆய்வு விரிந்தது. ஓய்வுக்குப் பிறகும் சென்னை கணிதவியல் கழகத்தோடு இணைந்திருந்தார். 2019-ல் மறைந்தார்.

காலையில் போட்ட கோலம் சாயங்காலத்துக்குள் அழிஞ்சிடும். அதன் விதி அழியாது.