நீலப் பம்ப் வந்த கதை



எழுபதுகளின் கடைசியில், ஊரில் எங்கள் அம்மம்மாவுக்குத் தொய்வு. இரவில் இழுப்பு கூடினால் டொக்டர் வந்து அட்ரினலின் ஊசி போடுவார். மூச்சு வரும், கூடவே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். "இந்த ஊசி ஒண்டைத் தந்து ஒண்டைப் பிடுங்குது" என்பா அம்மம்மா. சுவாசப்பைக்குப் போட்ட மருந்துக்கு இதயத்தில் என்ன வேலை? கணக்குப் படித்த எனக்கு, இந்த உரைக்காக வாசித்தபோதுதான் அது விளங்கியது.

அட்ரினலினை 1903 இலேயே நியூயோர்க்கில் ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போட்டார்கள். அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு நல்ல விடை வர 1948 ஆனது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்பவர் அட்ரினலினையும் அதையொத்த மருந்துகளையும் பல உறுப்புகளில் சோதித்தார். எது பலமானது என்ற வரிசை உறுப்புக்கு உறுப்பு மாறினாலும், மொத்தத்தில் இரண்டே விதமாகத்தான் வந்தது. அப்படியானால் இந்தச் சாவிகளுக்கு உடலில் இரண்டு வகைப் பூட்டுகள் இருக்கவேண்டும் என்றார். அவற்றுக்கு ஆல்பா, பீட்டா ஏற்பிகள் என்று பெயர் வைத்தார். ஒரு ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொன்று வெளியிட்டும் பல ஆண்டுகள் கவனிப்பாரில்லை.

அடுத்து வந்த ஐசோபிரனலின் பீட்டாவை மட்டும் திறந்தது. 1956 இல் அது கைக்கடக்கமான பம்பாகவும் வந்தது. ஆனால் பீட்டா இதயத்திலும் உண்டு, மூச்சுக்குழாயிலும் உண்டு. அறுபதுகளில் பிரித்தானியாவில் ஆஸ்துமா மரணங்கள் கூடியபோது, இந்த மருந்தின் கடும் வீரியப் பம்புகள்மீது சந்தேகம் விழுந்தது. (காரணம் பற்றிய வாதம் பின்னரும் நீண்டது.)

1967 இல் பீட்டாவிலும் இரண்டு வகை என்று தெரிந்தது: இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழாயில் பீட்டா 2. இங்கிலாந்தின் வெயார் நகரில் டேவிட் ஜாக்கின் குழு பீட்டா 2 ஐயே பெரிதும் தேடிப்போகும் சல்பியூட்டமோலை உருவாக்கியது. 1969 இல் வெளிவந்த அதுதான் நம் வீடுகளில் உள்ள நீலப் பம்ப். இறுகிய குழாய்த்தசை சில நிமிடங்களில் தளரும். கைத்தசையிலும் பீட்டா 2 இருப்பதால் நடுக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

தசை தளர்ந்தாலும் குழாயின் உள்ளே உள்ள அழற்சி அப்படியே இருக்கும். அதற்கு ஸ்டீரொயிட் பம்ப் வேண்டும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி 2019 முதல், பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீலத்தை மட்டும் தனியே நம்பும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. உங்கள் வீட்டில் நீலப் பம்ப் அடிக்கடி முடிகிறதென்றால், அதை டொக்டரிடம் சொல்லுங்கள்.