தோலுக்கு ஒரு நியாயம், கறிக்கு ஒரு நியாயம்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் சோளிங்கர் கறிக்கடையில் அறுபடும் ஆடு, அரை மணி நேரத்தில் இரண்டு சரக்காகிவிடும். கறி கொக்கியில் தொங்கி, வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீரும். தோல் உப்புத் தடவி மடிக்கப்பட்டு, மண்டி வழியாக ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ பேரணாம்பட்டுக்கோ போகும். கறி ஊர் எல்லையைத் தாண்டாது. தோல் செருப்பாகவோ கைப்பையாகவோ மாறிக் கப்பலேறும். இரண்டுக்கும் நடக்கும் சோதனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வயிற்றுக்குள் போவதைவிடக் காலில் மாட்டுவதற்குத்தான் நம் பக்கத்தில் கெடுபிடி அதிகம்.

உரிப்பதைக் கவனித்தாலே இது புரியும். கால் பக்கத்தில் கீறிவிட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முஷ்டியை உள்ளே விட்டுத் தோலைத் தள்ளித் தள்ளிப் பிரிப்பார்கள். கத்தி பட்டால் தோலில் கீறல் விழும், விலை இறங்கும். பிறகு தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பு. தாமதித்தால் கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும், மயிர் கழலும். மண்டிக்காரர் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துக் கழித்துவிடுவார். அதே கிருமிகள் கறியிலும் இருக்கின்றன. ஆனால் கறிக்கு உப்பும் கிடையாது, ஐஸும் கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு வேகம்.

அந்த வேகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விடியற்காலை அறுத்து, காலையில் வாங்கி, மதியத்துக்குள் கொதிக்கக் கொதிக்கக் குழம்பாக்கிவிடும் வழக்கம் நல்ல தற்காப்புதான். எந்தச் சட்டமும் சொல்லித்தராமல் நம் வீடுகள் கற்றுக்கொண்டது. ஆனால் ஆட்டுக்கும் அடுப்புக்கும் இடையே சில மணி நேரமே இருக்கும்வரைதான் அது செல்லும். அறுப்பதற்கு முன்பே ஆட்டுக்குள் இருந்த நோய்க்கு அது பதிலும் ஆகாது.

தோலின் கதை வேறு. 1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை போட்டது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நம் தோல் பதனிடும் ஷாப்புகளில் வழக்கமாகப் போட்டுவந்த மருந்து அது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது என்றார்கள். வேலூர், ஆம்பூர் பக்கம் பெரிய கலக்கம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளைத் தேடியது. சில ஆண்டுகளுக்குள் பழக்கமே மாறிப்போனது. அடுத்து அசோ சாயங்கள், அதற்கடுத்து ஆறு இணைதிறன் குரோமியம். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. பதனிடப் போடுவதோ மூன்று இணைதிறன் குரோமியம்; அது அவ்வளவு தொல்லை தராது. ஆனால் வெப்பத்திலும் வறட்சியிலும், சில எண்ணெய்கள் சேர்ந்தாலும், கிடங்கில் கிடக்கும்போதே அது ஆறு இணைதிறனாக மாறக்கூடும். அதனால் எந்த எண்ணெய் போட்டார்கள், மறுபதனத்தில் என்ன சேர்த்தார்கள், கன்டெய்னரில் எத்தனை நாள் கிடந்தது என்பதுவரை கணக்கு பார்க்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் வாங்குகிறவரின் காலுக்காக. தோல் ஷாப்புகளின் கழிவு கலந்த பாலாற்றுக்காக யாரும் கன்டெய்னரைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு வழக்குதான் போட வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்து அறிவியல்படி முழுசாக நிரூபணமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று அது ஏற்றது. பத்து வருடம் கழித்து வந்த 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலும் அதே கோட்பாடு இருக்கிறது. ஆக, ஏட்டளவில் தோலும் கறியும் ஒரே படியில்தான் நிற்கின்றன.

நடைமுறையில் கறிக்கு என்ன விதி? நாளைக்கு 10 ஆடு வரை அறுக்கும் சிறுகடைக்குப் பதிவுச் சான்று போதும், அதற்கு மேல் உரிமம். 2001ஆம் ஆண்டின் ஆட்டுத்தொட்டி விதிகளின்படி நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற தொட்டியில்தான் அறுக்கலாம். கால்நடை மருத்துவர் உயிரோடு பார்த்துத் தகுதிச் சான்று தர வேண்டும். மணிக்கு 12, நாளைக்கு 96 உருப்படிக்கு மேல் அவர் பார்க்கக் கூடாது. நிதானமாகப் பார்க்கட்டும் என்று எழுதிய விதி, நல்ல விதிதான். கணக்குதான் இடிக்கிறது. விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடிக்க வேண்டிய வேலையில் ஒரு மருத்துவர் பார்க்கக்கூடியது 36 ஆடு. நரசிம்மர் மலை உள்ள சோளிங்கரில் புரட்டாசி முழுக்கத் தூங்கிய கறிக்கடைகள் ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு 36 போதுமா என்று விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, மருத்துவர் ஒரு துறை, தொட்டி நகராட்சி, கடையைச் சோதிப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். வாடிக்கையாளரோ இளங்கறியா, தொடையா, நெஞ்செலும்பா என்று கேட்பார்; முத்திரை எங்கே என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்கும் அடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி நீண்டால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையம் காட்டியது. மீன் என்று எழுதி ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கறி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறிதான் என்று ஊரே பேசியது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனையில் ஆட்டுக்கறி என்று வந்ததும் விஷயம் அடங்கிவிட்டது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. எந்த மிருகம் என்பதைவிட, எந்தத் தொட்டியில் அறுத்தது, வழியெல்லாம் எத்தனை டிகிரியில் வந்தது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

தோல் கெட்டிக்காரச் சரக்கு, கறி அப்பாவிச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்றுமதியாகும் எருமைக்கறியைப் பாருங்கள். எலும்பும் நிணநீர்க் கட்டியும் நீக்கி, 2 முதல் 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, கறியின் அமிலக் காரக் குறியீடு 6க்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். கோமாரி வைரஸ் அந்த அமிலத்தில் பிழைக்காது. கறியையும் தோல் மாதிரி கண்காணிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். திருப்பி அனுப்பக்கூடியவர் வாங்கினால் விதி விழித்துக்கொள்கிறது. கறிக்குழம்பை யாரால் திருப்பி அனுப்ப முடியும்?

ஆனால் தோலின் கெடுபிடியும் தவறவிடும் ஓர் ஆபத்து இருக்கிறது: அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் நோய். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும் ஆட்டை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்தாகிவிடும், மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். தோலுக்குப் போடும் உப்பு அதை ஒன்றும் செய்யாது. செத்த ஆட்டை வீணாக்க மனமில்லாமல் உரித்துக் கூறு போட்டவர்களுக்கு இந்நோய் வந்ததை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் கேட்கும் குரோமியச் சோதனை இதைக் கண்டுபிடிக்கவா போகிறது? இதற்கான தடுப்பூசி தயாராவதோ பக்கத்திலேயே, 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில். ஆடு உயிரோடு இருக்கும்போது போடும் அந்த ஊசி தோலையும் கறியையும் சேர்த்தே காக்கிறது. எந்தச் சோதனைக்கும் அந்த வீச்சு இல்லை. ஆனால் சந்தையில் ஆடு கைமாறும்போது பல்லைப் பார்ப்பார்கள், முதுகெலும்பை அமுக்கிப் பார்ப்பார்கள். ஊசி போட்ட சீட்டு கூட வருவதில்லை.

இப்போது தோல் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி தொட்டியை நோக்கி வருகிறது. பெரிய செருப்பு நிறுவனங்கள் 2005இல் சேர்ந்து தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப்பின் தணிக்கையில், தோல் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. கடை வாசலிலேயே அறுத்த ஆட்டின் தோலுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் இருக்காது.